ஸ்விஃப்ட்டுக்கு லோயரிங் ஸ்பிரிங்: 30 மி.மீ. இறக்கினால் மதுரை ரோட்டில் ஓட்ட முடியுமா?

கூடல்நகர்க்காரன்

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2019 ஸ்விஃப்ட் பெட்ரோல். 15 அங்குல வீல், 185/65 டயர், ஓடியது சுமார் 70 ஆயிரம் கிலோமீட்டர். தினமும் கூடல்நகரிலிருந்து திருமங்கலம் போய் வருகிறேன். அவ்வப்போது அப்பா, அம்மா, மனைவி, பையன் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு உசிலம்பட்டிப் பக்கம் ஊருக்குப் போவதுண்டு.

ஆசை இரண்டு. டயருக்கும் வீல் ஆர்ச்சுக்கும் நடுவே நான்கு விரல் நுழைகிற இடைவெளி கண்ணை உறுத்துகிறது. அப்புறம், நத்தம் ரோடு மேம்பாலத்தில் வளைவில் கொஞ்சம் வேகம் எடுத்தால் வண்டி ஒரு பக்கமாகச் சாய்கிறது. வண்டியைத் தாழ்த்துகிற லோயரிங் ஸ்பிரிங் போட்டால் இரண்டும் சரியாகும் என்கிறார்கள்.

30 மி.மீ. இறங்கும் செட் வாங்கவா, 40-ஆ? ஸ்பிரிங் மட்டும் போதுமா, ஷாக் அப்சார்பரும் மாற்ற வேண்டுமா? வேறென்ன தலைவலி வரும்? போட்டு ஓட்டியவர்கள் சொல்லுங்கள். போடாதே என்பவர்கள் காரணத்தோடு சொன்னால் நல்லது.

ஆண்டிபட்டிக் கணவாய்

போடாதீர்கள். காரணம்: மதுரை.

லோரைடர் மதுர

ப்ரோ, புது ஸ்பிரிங் எதற்கு? இருக்கிற ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிட்டால் முடிந்தது வேலை. அரை நாள், சில நூறு ரூபாய். நம்ம பசங்க வண்டியெல்லாம் அப்படித்தான் ஓடுகிறது, ஒன்றும் ஆகவில்லை. கேஸ் வைத்துச் சூடாக்கி உட்கார வைப்பார்கள், அது மட்டும் வேண்டாம்.

பட்டறைவாசி

சூடாக்க வேண்டாம் என்றீர்களே, அது வரைக்கும் சந்தோஷம். ஸ்பிரிங் கம்பி பதம் ஏற்றிய எஃகு. சூடு காட்டினால் பதம் போய்விடும்; அப்புறம் நாளாக நாளாக அதுவே உட்கார்ந்துகொண்டே போகும், ஒரு நாள் முறியும்.

வெட்டுவதற்கு வருவோம். முன்பக்க ஸ்ட்ரட்டில் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்பு) ஸ்பிரிங் உட்காரும் தட்டு, கம்பியின் முனைக்கு ஏற்ற பள்ளத்தோடு வார்க்கப்பட்டிருக்கும். வெட்டிய முனை அந்தப் பள்ளத்தில் படியாது. ஓரத்தில் ஏறி நின்று ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் "டொய்ங்" என்று சத்தம் போடும். அதைவிட ஆபத்தானது வேறொன்று. வண்டியை ஜாக்கியில் தூக்கிப் பாருங்கள், சக்கரம் முழுதாகக் கீழே தொங்கும்போதும் ஸ்பிரிங் இறுக்கமாக இருக்க வேண்டும். வெட்டிய ஸ்பிரிங் அந்த நிலையில் கையால் ஆட்டினால் ஆடும். வேகத்தில் போகும்போது சக்கரம் பள்ளத்தில் தொங்கினால் அது இருக்கையை விட்டு விலகி, திரும்பி வரும்போது கோணலாக உட்காரும். எல்லா வண்டிக்கும் இப்படி ஆகும் என்று சொல்லவில்லை. ஆகும்போது பைபாஸில் 90-ல் போய்க்கொண்டிருப்பீர்கள் என்பதுதான் பிரச்சினை.

நல்ல கம்பெனியின் லோயரிங் ஸ்பிரிங்கில் ஒரு முனையில் நெருக்கமாகச் சுற்றிய சில சுற்றுகள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். வண்டி தரையில் நிற்கும்போது பெரும்பாலும் அவை ஒன்றோடொன்று ஒட்டி மூடித்தான் இருக்கும். சக்கரம் தொங்கும்போது விரிந்து, ஸ்பிரிங் கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ளும். அழகுக்கு வைத்தது இல்லை.

கூடல்நகர்க்காரன் தம்பிக்கு: 70 ஆயிரம் ஓடிய ஷாக்கின் மேல் புது லோயரிங் ஸ்பிரிங் போட்டால் மாட்டிய வாரம் நன்றாகத்தான் இருக்கும். அதற்கப்புறம் வண்டி துள்ள ஆரம்பிக்கும். ஸ்பிரிங் விறைத்தால் அதை அடக்குகிற வேலை ஷாக்குக்குக் கூடும். தேய்ந்த ஷாக் அடக்காது. ஸ்பிரிங் மட்டும் மாற்று என்று என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஷாக், டாப் மவுண்ட் (ஸ்ட்ரட்டை மேலே பாடியோடு பிடிப்பது), பேரிங், பம்ப் ஸ்டாப் (ஷாக் ரொம்ப அமுங்கும்போது முட்டுகிற மெத்தைக் கட்டை), டஸ்ட் கவர் எல்லாம் சேர்த்து வாங்கி வாருங்கள். கழற்றிப் பூட்டுகிற கூலி ஒரு தடவைதான்.

விசைமாறிலி

பாலிடெக்னிக்கில் மெஷின் டிசைன் நடத்துகிறவன். இதைப் படித்ததும் கை சும்மா இருக்கவில்லை, கணக்குப் போட்டுவிட்டேன்.

வெட்டினால் ஸ்பிரிங் மெத்தென்று ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. சுற்றுகள் குறையக் குறைய விறைப்பு கூடும்: இயங்கும் சுற்று ஆறு இருந்து அதில் ஒன்றை வெட்டினால் 20 சதவீதம். கம்பியின் தடிமன் இன்னும் பலமாக வேலை செய்யும், அது நான்காம் அடுக்கில் போகிறது. 10 சதவீதம் தடித்த கம்பி போட்டால் விறைப்பு 46 சதவீதம் ஏறும்.

கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு இறங்கும் என்பது அல்ல. இறங்கிய பிறகு பம்ப் ஸ்டாப்பைத் தொடுவதற்குள் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்பதே. ஓர் உதாரணம். காலி வண்டி நிற்கும் நிலையிலிருந்து பம்ப் ஸ்டாப் வரை 80 மி.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30 இறக்கினால் மிச்சம் 50. ஒரு குழி தருகிற அதே அடியை 80-க்குப் பதில் 50 மி.மீ.க்குள் ஸ்பிரிங் மட்டுமே வாங்கி முடிக்க வேண்டுமானால் அது எத்தனை மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும்? ஸ்பிரிங்கில் சேரும் ஆற்றல் அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தில் போகிறது. ஆகவே 80-ஐ 50-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 2.56. இரண்டரை மடங்கு! அப்படி ஒரு ஸ்பிரிங்கை யாரும் தெருவில் ஓட்டுகிற காருக்கு விற்க மாட்டார்கள், வாங்கினால் முதுகு தாங்காது. சாதாரணமாக விற்கிறவை கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு விறைப்பு கூடியவை. மீதி அடியை யார் வாங்குகிறார்கள்? பம்ப் ஸ்டாப்பும், அதற்குப் பிறகு பாடியும், உள்ளே உட்கார்ந்திருப்பவர்களும்.

பட்டறைவாசி அண்ணன் சொன்ன ஷாக் விஷயத்தையும் பார்த்துவிடலாம். ஸ்பிரிங் 25 சதவீதம் விறைத்தால் அதே அளவு அடக்கத்துக்குத் தேவைப்படும் டாம்பிங் (ஷாக் காட்டும் எதிர்ப்பு) அதன் வர்க்கமூலத்தில்தான் கூடுகிறது, ஏறத்தாழ 12 சதவீதம். புத்தம் புது கம்பெனி ஷாக் என்றால் அந்த வித்தியாசத்தைச் சமாளித்துவிடும். பழசு சமாளிக்காது.

கூடல்நகர்க்காரன்

சார், இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. வேகத்தடைக்கும் ஒரு கணக்குப் போட்டுத் தர முடியுமா? எனக்கு நிஜமான பயம் அதில்தான். எங்கள் தெருவிலேயே இரண்டு இருக்கின்றன.

வெள்ளைப் போலோ

சார் கணக்குப் போடுவதற்குள் நான் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். போலோவில் லோயரிங் ஸ்பிரிங், அதற்கென்றே உள்ள ஷாக்கோடு போட்டு ஓட்டுகிறேன். எனக்குப் பிடித்திருக்கிறது, கழற்றும் எண்ணம் இல்லை. ஆனால் நான் பெரும்பாலும் தனியாகப் போகிறவள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

நல்லது முதலில். நான்குவழிச் சாலையில் 100-ல் வண்டி தரையோடு ஒட்டிக்கொண்டு போகும். லாரியைக் கடக்கும்போது காற்று தள்ளுவது குறைந்தது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது ஒவ்வொரு வளைவும் ஆனந்தம். ஸ்டீயரிங் திருப்பியதும் மூக்கு திரும்பும், நடுவில் அந்தத் தயக்கம் இல்லை.

இனி மற்றது. மேம்பால இணைப்புகள் ஒவ்வொன்றும் "டக் டக்" என்று முதுகில் கேட்கும். பின்சீட்டில் தூங்குகிற பிள்ளை எழுந்துவிடும். என் மாமியாருக்கு முழங்கால் வலி. உட்காரும் உயரம் கொஞ்சம் குறைந்ததற்கே ஏறி இறங்க என் கையைப் பிடித்துக்கொள்கிறார். அபார்ட்மென்ட் கீழ்த்தளத்துக்கு இறங்கும் சரிவு, பார்க்கிங்கில் சக்கரம் முட்டி நிற்க வைத்திருக்கும் சிமென்ட் கட்டை, இரண்டிலும் முன்பம்பரின் அடி உரசும். கட்டை வரை போகாமல் முன்னாலேயே நிறுத்தப் பழகிக்கொள்ள வேண்டும். பஞ்சர் கடையில் சிலருடைய ஜாக்கி வண்டிக்கு அடியில் நுழையாது. பலகை மேல் ஏற்றி நிறுத்தினால்தான் நுழையும். மழை நாளில் மணிநகரம் கர்டர் பாலம் பக்கமே போவதில்லை. எல்லா வண்டிக்கும் அங்கே சிக்கல்தான், ஆனால் காற்று உறிஞ்சும் குழாய் 30 மி.மீ. கீழே வந்துவிட்ட வண்டி முதலில் மாட்டும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஐபாக், எச் அண்ட் ஆர் மாதிரி ஜெர்மன் கம்பெனிகளின் பெட்டியில் 30 என்று போட்டிருந்தால், அது ஐரோப்பாவில் விற்கும் வண்டியின் உயரத்திலிருந்து 30. நம் ஊருக்கு விற்கும்போது பல கம்பெனிகள் வண்டியை உயர்த்தித்தான் விடுகின்றன. அந்த ஸ்பிரிங்கை இங்கே மாட்டினால் இறக்கம் 30-ல் நிற்காது. இந்திய வண்டிக்கென்று அளவு கொடுத்திருக்கிறார்களா என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். அதேபோல ஒரே மாடலுக்கு பெட்ரோலுக்கும் டீசலுக்கும் முன் ஸ்பிரிங் வேறு. டீசல் இன்ஜின் கனம். பெட்ரோல் வண்டிக்கு டீசல் ஸ்பிரிங் போட்டால் முன்பக்கம் இறங்காமல் நிற்கும், மாற்றிப் போட்டால் மூக்கு குத்திக்கொண்டு நிற்கும். முன் அச்சு எத்தனை கிலோ வரை என்று பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

விசைமாறிலி

வேகத்தடைக் கணக்கு இதோ.

இந்தியச் சாலைக் காங்கிரஸ் தன் வழிகாட்டியில், ஐ.ஆர்.சி. 99 என்று சொல்வார்கள், வட்டமான வேகத்தடைக்கு ஓர் அளவு கொடுத்திருக்கிறது: அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 செ.மீ., வளைவின் ஆரம் 17 மீட்டர். ஸ்விஃப்ட்டின் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம், 2.45 மீட்டர். அதாவது வண்டி நடுவில் நிற்கும்போது நான்கு சக்கரமும் மேட்டின் மேலேயே இருக்கும்! உச்சிக்கும் சக்கரம் நிற்கும் இடத்துக்கும் உயர வித்தியாசம் 44 மி.மீ. மட்டுமே. வண்டியின் தரை இடைவெளி 163. கழித்தால் 119. 30 இறக்கினால் 89. ஐந்து பேர் உட்கார்ந்து நடுப்பகுதி இன்னும் 25 இறங்கினாலும் 64 மிச்சம். விதிப்படி கட்டியிருந்தால் லோயரிங் வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு தாண்டலாம்.

இப்போது நம் தெருவுக்கு வாருங்கள். ராத்திரியோடு ராத்திரியாக யாரோ கொட்டிய சிமென்ட் மேடு, அகலம் இரண்டு அடி. இது இரண்டு அச்சுக்கும் நடுவில் முழுதாக அடங்கிவிடும், ஆகவே அதன் மொத்த உயரத்தையும் கழிக்க வேண்டும். உயரம் 120 மி.மீ. என்றால்:

இறக்காத வண்டி, காலி: 43 மிச்சம்.
இறக்காத வண்டி, ஐந்து பேர்: 18. தப்பிக்கும்.
30 இறக்கியது, காலி: 13. மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டலாம்.
30 இறக்கியது, ஐந்து பேர்: கணக்கு 12 கீழே போகிறது. உரசும்.

மேடு 150 என்றால் இறக்காத வண்டியே ஐந்து பேரோடு உரசும். இதெல்லாம் மெதுவாக, வண்டி ஆடாமல் போகிற கணக்கு. முன்சக்கரம் இறங்கும்போது பிரேக் பிடித்தால் மூக்கு இன்னும் தாழும்.

சரி, இறக்கிய வண்டிக்குச் சாதகமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். பின் ஸ்பிரிங் ஒன்றுக்கு மி.மீ.க்கு 25 நியூட்டன் விறைப்பு என்று வைத்துக்கொண்டால், பின் அச்சின் மேல் 200 கிலோ ஏறும்போது வண்டி 40 மி.மீ. இறங்கும். 30 சதவீதம் விறைத்த ஸ்பிரிங்கில் அதே சுமைக்கு 31 மட்டுமே. ஆகவே காலியில் 30 வித்தியாசம் இருந்தது, ஆள் ஏறியதும் 21 ஆகக் குறைகிறது. வெட்டிய ஸ்பிரிங்கிலும் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், ஆனால் கம்மி.

ஆண்டிபட்டிக் கணவாய்

சார் போட்ட கணக்கு சரி. ஆனால் ரோடு கணக்குப் பார்த்துப் போடவில்லையே. வாடகை வண்டி ஓட்டுகிறவன் சொல்கிறேன், கோரிப்பாளையத்தில் பாலம் வேலைக்குத் தோண்டியது, பாதாளச் சாக்கடை மூடி, தார் போட்டுப் போட்டு மூடியே பள்ளமான இடம், இவற்றில் எதற்கும் ஐ.ஆர்.சி. எண் கிடையாது. உசிலம்பட்டி ரோடு நன்றாக இருக்கிறது, அதைவிட்டு ஊருக்குள் திரும்பினதும்தான் இருக்கிறது கச்சேரி. நம்பி இறக்கி வைத்தால் ஒரு நாள் சேம்பர் (இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) அடிபட்டு ஆயில் ஒழுகி நிற்பீர்கள். ஸ்விஃப்ட்டில் இன்ஜினுக்கு அடியில் இரும்புத் தகடு போட்டுக்கொள்ளுங்கள் என்பார்கள். அதுவும் தரை இடைவெளியில் கொஞ்சம் தின்னும்.

பட்டறைவாசி

தகடு போட்டால் ஆயில் மாற்றும்போது கழற்றி மாட்டுகிற எங்கள் வேலையும் கூடும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பூட்டும்போது நடக்கிற ஒரு விஷயம் சொல்கிறேன், யாரும் எழுதுவதில்லை. லோயர் ஆர்ம் (முன்சக்கரத்தைக் கீழே வண்டியோடு இணைக்கும் கை) புஷ், பின் பீம் (பின்சக்கரம் இரண்டையும் இணைக்கும் தண்டு) புஷ் எல்லாம் ரப்பர். வண்டி தூக்கியில் தொங்கும்போதே அந்த போல்ட்டுகளை முழுதாக இறுக்கிவிட்டால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியைக் கீழே இறக்கியதும் அது முறுக்கிக்கொண்டே இருக்கும். சீக்கிரம் கிழியும், உயரமும் சரியாகக் காட்டாது. சக்கரம் தரையில், வண்டி தன் எடையில் நிற்கும்போது கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். வேலை முடிகிறபோது பக்கத்தில் நின்று பாருங்கள். கோபித்துக்கொள்ளாத மெக்கானிக் நல்ல மெக்கானிக்.

அடுத்தது அலைன்மென்ட். முன்பக்கம் இறங்கினால் கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் நிற்கிற சாய்வு) கொஞ்சம் உள்பக்கம் சாயும், டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறும். டயரை அதிகம் தின்பது டோதான். சின்னக் கார்கள் பலவற்றில் முன்பக்கம் டோ மட்டும்தான் திருத்த முடியும், கேம்பர் வேண்டுமென்றால் தனியாக கேம்பர் போல்ட் போட வேண்டும். பின்பக்கம் பீம் என்பதால் பெரிதாக மாறாது, மாறினாலும் திருப்ப ஒன்றுமில்லை. மாட்டிய அன்றைக்கு ஒரு தடவை, ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு இன்னொரு தடவை அலைன்மென்ட் பாருங்கள். ஹெட்லைட் மட்டத்தையும் கையோடு பார்த்துவிடுங்கள், முன்னும் பின்னும் ஒரே அளவு இறங்காவிட்டால் வெளிச்சம் மாறிப்போகும்.

பழையவண்டிப் பித்தன்

நடுவில் ஒரு கேள்வி. என்னிடம் இருப்பது ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத பழைய வண்டி. பின்பக்கம் மட்டும் கொஞ்சம் இறக்கலாமா?

பட்டறைவாசி

அடியில் குனிந்து பாருங்கள். பின் அச்சிலிருந்து ஒரு கம்பியோ சின்ன ஸ்பிரிங்கோ பாடியில் இருக்கும் பிரேக் வால்வுக்குப் போகிறதா? போனால் யோசியுங்கள். பின்பக்கம் தாழ்ந்தால் அந்த வால்வு, வண்டியில் சுமை ஏறியிருக்கிறது என்று நினைத்துப் பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் அனுப்பும். காலி வண்டியில் பிரேக் அடித்தால், அதுவும் ஈர ரோட்டில், பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றும். இறக்கினால் அந்தக் கம்பியையும் அதற்கேற்பத் திருத்தியாக வேண்டும்.

கறுப்புக்கோட்டு

சட்டத்தையும் ஒருவர் சொல்ல வேண்டாமா? மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி.யில் உள்ளவை மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் ஒரு கேரள வழக்கில் இதை இறுக்கமாகவே படித்தது. அதே ஆண்டு சட்டத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின் 4-வது உட்பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

"ஆர்.சி. புக்கில் தரை இடைவெளியே எழுதவில்லையே" என்று வாதம் செய்யலாம். நானும் செய்வேன், ஃபீஸ் கொடுத்தால். ஜெர்மன் ஸ்பிரிங்கோடு வரும் டியூவி (அந்த ஊர்ச் சோதனை அமைப்பு) காகிதம் அந்த ஊர்ப் பதிவுக்கு. இங்கே பிரேக் இன்ஸ்பெக்டரிடம் அதை நீட்டிப் பயனில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவியுங்கள். விபத்துக்குப் பிறகு சர்வேயர் கண்டுபிடித்துக் கேட்டால் க்ளெய்மில் இழுபறி ஆகும்.

லோரைடர் மதுர

இதையெல்லாம் படித்தால் யாரும் வண்டியே வாங்க மாட்டார்கள் ப்ரோ. அந்த நான்கு விரல் இடைவெளியோடு ஓட்டுவதற்குப் பேசாமல் ஆட்டோ வாங்கிவிடலாம்.

வெள்ளைப் போலோ

தம்பி, இடைவெளி எனக்கும் பிடிக்காதுதான். ஆனால் மூன்று பெரியவர்களைப் பின்னால் வைத்து ஓட்டுகிற ஆளுக்கும் எனக்கும் ஒரே ஸ்பிரிங் சரிவராது.

விசைமாறிலி

சாய்வைப் பற்றி யாரும் பேசவில்லை. தாழ்த்தினால் சாய்வு குறையும் என்பது பாதி உண்மை. ஸ்ட்ரட் வகை முன் சஸ்பென்ஷனில் லோயர் ஆர்ம் தரைக்குக் கிடையாகவோ, சக்கரப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்தோ இருக்கும். வண்டியை இறக்கினால் உள்முனை தாழ்ந்து, ஆர்ம் சக்கரத்தை நோக்கி மேலே ஏறுகிற மாதிரி சாயும். அப்போது வண்டி எந்த மையத்தைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த மையம், வண்டியின் எடைமையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம், அதாவது வண்டியைச் சாய்க்கிற நெம்புகோலின் நீளம், கூடுகிறது. கூடிய ஸ்பிரிங் விறைப்பில் ஒரு பங்கு இதை ஈடுகட்டவே செலவாகும். அதனால்தான் 40, 50 இறக்கிய வண்டிகள் சில, பார்க்கப் பந்தய வண்டி, வளைவில் பழைய வண்டி. 25-க்குள் நின்றால் இந்தத் தொல்லை அதிகம் இருக்காது.

கூடல்நகர்க்காரனுக்கு ஒரு யோசனை, செலவு சில ரூபாய். நான்கு ஷாக்கின் பளபளக்கும் கம்பியிலும், டஸ்ட் கவரைத் தூக்கிவிட்டு, ஒரு கேபிள் டை கட்டுங்கள். இறுக்கமாக, ஆனால் தள்ளினால் நகரும்படி. ஷாக் உடலோடு ஒட்டும்வரை கீழே தள்ளிவிடுங்கள். குடும்பத்தோடு வழக்கமாகப் போகிற ரோட்டில் வழக்கமான வேகத்தில் போய்விட்டு வாருங்கள். ஷாக் உடல் அதை எதுவரை மேலே தள்ளியதோ அங்கேயே நிற்கும். அங்கிருந்து பம்ப் ஸ்டாப் வரை அளந்தால், இன்றைக்கு உங்களிடம் மிச்சம் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். 30 இறக்குவதா வேண்டாமா என்பதை அதற்கப்புறம் பேசலாம்.

கூடல்நகர்க்காரன்

சார் சொன்னபடி கட்டி, ஐந்து பேரும் டிக்கியில் ஒரு மூட்டை அரிசியுமாக ஊருக்குப் போய் வந்தோம். பார்த்தால், பின்பக்கம் இரண்டிலும் டை பம்ப் ஸ்டாப்பின் நுனிக்குள் புதைந்து நிற்கிறது. முன்பக்கம் வலது 25 மி.மீ. மிச்சம், இடது 15. அளக்கும்போதே இடது ஷாக்கில் எண்ணெய்க் கசிவும் கண்ணில் பட்டது. வண்டி துள்ளுவதற்கும் சாய்வதற்கும் அதுவே காரணமாக இருக்குமோ?

விசைமாறிலி

பின்னால் பம்ப் ஸ்டாப்பைத் தொட்டதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். இப்போதைய கார்களில் பம்ப் ஸ்டாப்பும் ஒரு ஸ்பிரிங்தான், முழுச் சுமையில் அதன் நுனியைத் தொடும்படியேதான் வடிவமைக்கிறார்கள். தொடுவது வேறு, அதன் மேலேயே உட்கார்ந்து ஓடுவது வேறு. நீங்கள் 30 இறக்கினால் குடும்பத்தோடு போகும்போதெல்லாம் பின்பக்கம் இரண்டாவது வகைதான். இடது, வலது வித்தியாசத்துக்குக் கசிகிற ஷாக் காரணமாக இருக்க நிறைய வாய்ப்பு.

வெள்ளைப் போலோ

அப்பாவும் அம்மாவும் பின்சீட்டு என்றால் நான் இப்போது ஸ்பிரிங்கைத் தொட மாட்டேன். ஷாக்கை மாற்றிவிட்டு அதே மேம்பால வளைவில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

லோரைடர் மதுர

ஒரு விரல் கம்மியாகவாவது இறக்கலாம் ப்ரோ. 15 மி.மீ. செட் எதுவும் கிடைக்காதா?

பட்டறைவாசி

அவ்வளவு சின்ன இறக்கத்துக்கென்று தனியாகச் செய்த ஸ்பிரிங் ஸ்விஃப்ட்டுக்கு என் கைக்கு வந்ததில்லை. வந்தாலும், 15-க்காக நான்கு ஸ்பிரிங் வாங்குவதைவிட அந்தப் பணத்தில் நல்ல டயர் போட்டால் வளைவில் வித்தியாசம் தெரியும்.

கூடல்நகர்க்காரன்

முடிவு செய்துவிட்டேன். இப்போதைக்கு ஸ்பிரிங் கம்பெனியுடையதே இருக்கட்டும். நான்கு ஷாக்கும் கம்பெனி அளவிலேயே புதிதாகப் போடுகிறேன். அப்புறமும் மனசு கேட்கவில்லை என்றால், பையன் பெரியவனாகித் தனி வண்டி கேட்கும்போது இந்த வண்டியை இறக்கிக்கொள்கிறேன். பட்டறைவாசி அண்ணே, முன்பக்கம் ஒன்றுதானே கசிகிறது, ஒன்றை மட்டும் மாற்றினால் ஆகாதா? வாங்க வேண்டியதையும் சொல்லிவிடுங்கள்.

பட்டறைவாசி

ஒன்று மட்டும் கூடாது தம்பி, ஓர் அச்சில் இரண்டும் ஜோடியாக மாற்ற வேண்டும், இல்லையென்றால் பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கும். முன்பக்கத்துக்கு ஷாக் இரண்டு, டாப் மவுண்ட் இரண்டு, அதன் பேரிங் இரண்டு, பம்ப் ஸ்டாப்பும் டஸ்ட் கவரும் ஒரு ஜோடி. லிங்க் ராடை ஆட்டிப் பார்த்து ஆட்டம் இருந்தால் அதுவும். பின்பக்கத்துக்கு ஷாக் இரண்டு, பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர். பெட்டியில் பெட்ரோல் வண்டிக்கு என்று இருக்கிறதா பார்த்து வாங்குங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். வேலைக்குச் சனிக்கிழமை வேண்டாம், கூட்டம் இருக்கும். செவ்வாய், புதன் காலையில் விட்டால் சாயங்காலம் அலைன்மென்ட்டும் முடித்து எடுத்துக்கொள்ளலாம்.